கீழ்வரி

சனி இரவு ஏழரை. வுப்பர்டாலில் மழை.
உருளைக்கிழங்கு சாலட்டுடன் ஆன்கே வந்துவிட்டாள்.
ஜன்னலுக்கு வெளியே தொங்குரயில்
ஆற்றுக்கு மேலே ஒருமுறை ஊர்ந்து போனது.

அவளுக்குக் காது கேட்காது.
இடுக்கி பொதியிடும் ஆலையில் எனக்கு எதிர் மேசை.
ஒன்பது வருஷமாய் உதட்டைப் பார்த்தே
என் ஜெர்மனைத் திருத்துகிறவள்.

தம்பி யது எடுத்த முப்பது நிமிடப் படம்.
ஹாகனில் ஒரு கராஜ், இரண்டு நடிகர், ஒரு பழுதான வேன்.
ஆறு வாரம், இரவு ஷிப்ட் முடிந்து வந்து வந்து
ஜெர்மனில் சப்டைட்டில் எழுதினேன்.
'கோதாரி' என்ற ஒற்றைச் சொல்லுக்கே
இரண்டு நாள் போயிற்று.

மடிக்கணினியை டிவியில் செருகினேன்.
வேன் வந்தது. முகங்கள் வந்தன.
என் எழுத்து மட்டும்
கழுத்தளவு தண்ணீரில் நின்றது.
உம்லவுட் புள்ளிகள் இரண்டிரண்டாய் மிதந்தன.

பிக்ஸல் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தேன்.
கதாநாயகன் சப்பட்டையாகி
கழுத்தில்லாத பொலிஸ்காரன் ஆனான்.
இன்னொன்றை அழுத்தினேன். படம் சுருங்கி
நாலு பக்கமும் கறுப்பு ஓரம்:
மரண அறிவித்தல்.
எழுத்து தெரிந்தது, ஆனால்
கண்ணாடி கழற்றிய கண்ணுக்குப் போல.
கேபிளைக் கழற்றி, ஊதி, மறுபடி செருகினேன்
(கேபிளில் ஒரு குற்றமும் இல்லை,
ஊதாமல் இருக்க முடியவில்லை).

குற்றம் டிவியில்.
ஏதோ பழைய காலத்துப் பழக்கம் அதற்கு:
எந்தப் படத்தையும் கொஞ்சம் பெருப்பித்து
ஓரங்களைச் சட்டத்துக்குள் விழுங்கிவிடும்.
நிறுத்தலாம். மெனுவில் இருக்கிறது.
மெனு துருக்கியில் இருக்கிறது.

மூன்றாம் மாடி ஜெவ்தெத்
நூற்றிருபது யூரோவுக்கு எனக்கு விற்றபோது
மொழியை அதிலேயே விட்டுவிட்டார்.

இறங்கிப் போய் மணியடித்தேன்.
பாதி முகத்தில் சவர நுரையோடு ஏறி வந்தார்.
மூடி தொலைந்த ரிமோட்டின் முதுகில் ஒரு தட்டு.
'எக்ரான்' என்று திரையைக் காட்டினார்.
பதினாறுக்கு ஒன்பதைத் தாண்டி,
இரண்டு வகைப் பெரிதாக்கலைத் தாண்டி,
கடைசியில் ஒரு வரி.
என்ன அர்த்தம் என்றேன்.
அவருக்கும் ஜெர்மன் சொல் வரவில்லை.
நிரம்பிய பெட்டியை அமுக்கி மூடுவதுபோல்
இரண்டு கையாலும் காட்டினார்.

கொள்ளும்.
எனக்குத் தமிழில் விளங்கியது.

படம் ஒரு விரலளவு பின்வாங்கியது.
கீழ்வரி கரையேறியது,
கால், வால், முற்றுப்புள்ளி எல்லாவற்றோடும்.

ஆறாம் நிமிடம் வேன் கிளம்பவில்லை.
கதாநாயகன் ஒரு சொல் சொல்லிச் சில்லை உதைத்தான்.
ஆன்கே என் முழங்காலைத் தட்டினாள்.
அவன் வாயைக் காட்டினாள், என் வாயைக் காட்டினாள்,
கீழே நான் இரண்டு நாள் தேடி வைத்த சொல்லைக் காட்டினாள்.
இவ்வளவு நேரமும் டிவியிடம் நீ சொன்னது
இதைத்தானா?

இதைத்தான்.

பதினெட்டாம் நிமிடம்,
இதுவரை எந்த டிவியும் காட்டாத உச்சியில்
சாம்பல் மயிரோடு ஏதோ எட்டிப் பார்த்தது.
அதன் பின்னால் யதுவின் முழங்கை.
ஆன்கே நிறுத்தச் சொன்னாள்.
எழுந்து போய் விரல் வைத்துக் கேட்டாள்:
இது யாருடைய பூனை?

ஜெவ்தெத் சிரித்ததில்
காய்ந்த நுரை சோபாவில் உதிர்ந்தது.
முகத்தை விளக்குக்குத் திருப்பி
மெதுவாகச் சொன்னேன்: ஒலிவாங்கி.
ஆட்கள் பேசுவதைப் பிடிக்க.

அவள் திரும்பி
அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு மூன்று தட்டில் சாலட் போட்டபடி,
உன் தம்பிக்குச் சொல்லாதே, என்றாள்.
வெட்டிவிடுவான்.